முறையும் முண்டியடித்தலும்

ஹஜ்ஜுக்குச் செல்வோர்க்கென்று தமிழில் வெளிவரும் வழிகாட்டி நூல்களை ஒருசேர எடுத்துவைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். இஹ்ராம் உடுத்தும் விதம், தல்பியா, தவாஃபின் ஏழு சுற்றுகள், ஸஃயு, கல்லெறியும் கிரமம், தலைமுடி களைதல், தவறு நேர்ந்தால் கொடுக்க வேண்டிய 'தம்' ஆகிய யாவும் அவற்றில் நுணுக்கமாக விளக்கப்பட்டிருக்கும். விளக்கத்தில் குறை காண நாம் முற்படவில்லை. ஆனால், இந்த அமல்களுக்கெல்லாம் ஒரு ஹாஜி செலவிடும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பின்னர், அவர் மற்றவரோடு காத்து நிற்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். விமான நிலையத்தில் நிற்கிறார், பேருந்துக்கு நிற்கிறார், லிஃப்டுக்கு நிற்கிறார், ஒளூச் செய்யும் இடத்தில் நிற்கிறார், மினாவின் கழிப்பறை வாசலில் நிற்கிறார். பயணத்தின் பெரும்பகுதி நிற்பதிலேயே கழிகிறது. அப்படி நிற்பது எப்படி என்பதற்கு நம் நூல்களில் ஒரு பாடமும் இல்லை. இருந்தாலும், 'பொறுமையைக் கடைப்பிடியுங்கள்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. பொறுமை என்பது நிற்பவனின் குணம். முறை என்பது அவனுடைய உரிமை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதில்தான் நம் கோளாறு தொடங்குகிறது என்று கருதுகிறோம்.

மக்காவில், நம் நாட்டு ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வோரில் பெரும்பாலோர் அஸீஸிய்யா பகுதியின் அடுக்குமாடிக் கட்டடங்களில் தங்கவைக்கப்படுகின்றனர். ஹரமுக்கும் அதற்கும் பேருந்து ஓடுகிறது. பாங்குக்கு ஒரு மணி நேரத்திற்கு முன்னர் அந்தக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நின்று பார்த்தால் போதும். லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளிருப்போர் வெளிவருமுன்னரே வெளியிலிருப்போர் உள்ளே பாய்கின்றனர். ஒருவர் கதவில் கைவைத்துத் தடுத்துக்கொண்டு, 'நம்ம ஆளுங்க இன்னும் நாலு பேர் வர்றாங்க' என்கிறார். அந்த நால்வர் வரும்வரை எட்டாம் மாடியில் ஒரு முதியவர் பொத்தானை அழுத்தியபடி நிற்கிறார். பேருந்திலும் இதே கதை. முதலில் ஏறியவர் நான்கு இருக்கைகளில் நான்கு பைகளை வைத்துவிடுகிறார். ஊர் திரும்பி மீனம்பாக்கத்தில் இறங்கியதும், ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் கிடைக்கவிருக்கும் ஜம்ஜம் நீருக்காக நடக்கும் நெரிசலையும் கண்டிருக்கிறோம். தமக்கென்று ஒதுக்கப்பட்ட ஒன்றைப் பெறவும் முண்டியடித்தே தீரவேண்டும் என்று எண்ணுகின்ற மனநிலை அது.

இதைக் கண்டிக்கும் ஜும்ஆப் பிரசங்கங்கள் இல்லாமலில்லை. அவற்றில் தவறாது வரும் வாதம் ஒன்று உண்டு: "நாளொன்றுக்கு ஐந்து வேளை தோளோடு தோள் உரச வரிசையில் நிற்கும் சமுதாயம், டிக்கெட் சாளரத்தின் முன் வரிசையில் நிற்க முடியாதா?" கேட்பதற்கு இனிமையான வாதந்தான். அதைக் கூறும் ஹஜ்ரத்மார்கள் மீது நமக்கு மரியாதையும் உண்டு. எனினும், இது பொருந்தா உவமை என்பதை ஈண்டுக் கூறியாக வேண்டும். தொழுகையின் ஸஃப்பு அகலவாட்டில் அமைவது. அங்கே ஒருவன் முடித்தபின் அடுத்தவன் என்ற கிரமமில்லை. அனைவரும் ஒரே கணத்தில் ருகூவுக்குச் செல்கின்றனர். அதுமட்டுமன்று. ஸஃப்பில் நமக்குக் கற்பிக்கப்படுவது என்ன? இடைவெளியைக் கண்டால் நிரப்பு; முன்னே இடமிருந்தால் முன்னேறு. இதே பழக்கத்தைச் சாளரத்தின் முன் கொண்டுபோனால் என்னவாகும்? முன்னிற்பவர் பையை எடுக்கக் குனிந்த நொடியில் அந்த இடைவெளியை நம்மவர் 'நிரப்பி' விடுகிறார்! ஆகவே, காத்து நிற்றலின் ஒழுக்கத்தை ஸஃப்பிலிருந்து தருவிக்க முயல்வது வீண் முயற்சி. அதற்குரிய பாடம் மார்க்கத்தில் வேறிடத்தில், மிகத் தெளிவாக இருக்கிறது. நாம் அங்கே தேடுவதில்லை, அவ்வளவே.

தமிழில் இதற்கு அழகான சொல் 'முறை'. 'இப்போது உங்கள் முறை' என்கிறோம். அது தனக்குரிய வேளை. 'முறை செய்தல்' என்றால் நீதி வழங்குதல். 'முறை தவறியவன்' என்றால் ஒழுக்கம் கெட்டவன். அத்துடன், 'அவர் எனக்கு என்ன முறை?' என்று உறவையும் அச்சொல்லாலேயே கேட்கிறோம். வேளை, நீதி, ஒழுக்கம், உறவு ஆகிய நான்கும் ஒரு சொல்லில் குடியிருக்கின்றன. இவற்றுள் நான்காவது முறை முதல் மூன்றையும் விழுங்குவதுதான் குழுப்பயணத்தில் நடக்கிறது. 'மச்சான், இப்படி வாங்க' என்ற ஓர் அழைப்பில், பின்னால் நிற்கும் இருபது பேரின் முறை பறிபோகிறது. அரபியில் இதை 'நவ்பத்' என்பர். உமர் (ரலி) அவர்களும் அன்ஸாரித் தோழர் ஒருவரும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சமுகத்துக்கு ஒருநாள் இவர், ஒருநாள் அவர் என்று முறைவைத்துச் சென்று, கேட்டதை மற்றவர்க்கு உரைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. கல்வி கேட்பதற்கே முறை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

இன்னும் மேலே செல்வோம். திருமறையில், முறையை மீறியதன் காரணமாக அழிந்த ஒரு கூட்டத்தாரின் வரலாறு வருகிறது. ஸமூது கூட்டத்தாருக்கு ஸாலிஹ் நபி (அலை) அவர்கள் வழியே வந்த சோதனை என்ன? தண்ணீர் அருந்தும் முறை! ஒரு நாள் ஒட்டகத்துக்கு, ஒரு நாள் அவர்களுக்கு. ஷுஅரா, கமர் ஆகிய அத்தியாயங்களில் இப்பங்கீடு குறிப்பிடப்படுகிறது. வாய்பேசாப் பிராணியொன்று தன் முறையில் வந்து குடிப்பதைப் பொறுக்கமாட்டாமல்தான் அவர்கள் அதை அறுத்துப்போட்டனர். இச்சரித்திரத்தை ஈமானின் பாடமாக மட்டுமே நாம் ஓதி வருகிறோம். தண்ணீர்த் துறையின் ஒழுங்குப் பாடமாகவும் அதை ஓதலாமே!

இன்னொரு தண்ணீர்த் துறை, மத்யனில். மேய்ப்பர் கூட்டம் கிணற்றைச் சூழ்ந்திருக்கிறது. இரு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நிற்கின்றனர். மேய்ப்பர்கள் போகும்வரை எங்களால் நீர் புகட்ட இயலாது, தந்தையோ முதியவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். நெடுவழி நடந்து களைத்து வந்த மூஸா (அலை) அவர்கள் அப்பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். கஸஸ் அத்தியாயத்தில் இது உள்ளது. இக்காட்சியை நாம் இங்கே எடுத்துக்கூறுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2018 முதல், 45 வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் துணையின்றிக் குழுவாக ஹஜ்ஜுக்குச் செல்ல இந்திய அரசு வழிசெய்திருக்கிறது. அதன் மார்க்கத் தீர்ப்பில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நாம் அதற்குள் புகவில்லை. ஆனால், அவர்கள் வந்திருக்கின்றனர். தமிழகத்திலிருந்தும் விதவைகள், பிள்ளையற்றவர்கள், வாழ்நாளெல்லாம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தவர்கள் வந்திருக்கின்றனர். 'எனக்கு இடம் பிடித்து வை' என்று சொல்ல அவர்களுக்கு மகனுமில்லை, மருமகனுமில்லை. பத்துப் பேர் சேர்ந்து வந்த குடும்பம் பேருந்தின் முன்வாசலை அடைத்துக்கொள்ளும்போது ஒதுங்கி நிற்கும் பெண்கள் இவர்கள்தாம். முறை ஒன்றே அவர்களுக்கு மஹ்ரம். அதைப் பறித்துவிட்டு, ஹரமில் போய் நின்று நாம் கேட்கும் துஆவின் கதியை எண்ணினால் உள்ளம் நடுங்குகிறது.

ஆலிம்களாகிய நாமும் இந்த விமர்சனத்திற்கு அப்பாற்பட்டவர்களல்லர். ஒவ்வொரு தனியார் குழுவுடனும் ஒரு ஹஜ்ரத் செல்கிறார். உணவு விடுதியிலோ கழிப்பறை வாசலிலோ அவரைக் கண்டதும் பக்தர் ஒருவர், 'ஹஜ்ரத்துக்கு வழி விடுங்க' என்று குரல் கொடுக்கிறார். ஹஜ்ரத்தும் ஸலாம் கூறிக்கொண்டே முன்னே சென்றுவிடுகிறார். பெரியோரை முற்படுத்துவது அதபு அன்றோ என்று கேட்கலாம். இதற்கு விடை ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. எம்பெருமானார் (ஸல்) அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டது. அருந்தினார்கள். வலப்புறம் ஒரு சிறுவர், இடப்புறம் முதியோர். வலமிருந்து கொடுப்பது முறை. அகில உலகத்தின் தலைவர் அச்சிறுவரிடம், இப்பெரியவர்களுக்குக் கொடுக்க எனக்கு அனுமதி தருவாயா என்ற கருத்தில் கேட்டார்கள். சிறுவரோ, தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றுரைத்தார். பாத்திரம் அவர் கையிலேயே வைக்கப்பட்டது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் நிகழ்ச்சி இது. வயதும் மதிப்பும் மிகுந்தோர் அங்கிருந்தும், முறைக்குரியவரின் இசைவில்லாமல் முறை மாறவில்லை. இசைவு கேட்கப்பட்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. நம் ஹஜ்ரத்துக்கு வழிவிடச் சொல்லும் அன்பர், வரிசையில் நிற்பவரிடம் அனுமதி கேட்பதில்லை, கட்டளையிடுகிறார். தம் முறையை விட்டுக்கொடுப்பது தியாகம். பிறர் முறையை எடுத்துக்கொடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

ஃபிக்ஹு நூல்களுக்கு வருவோம். நம் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் மின்ஹாஜில், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் நீதிபதியின் ஒழுக்கங்களைக் கூறுமிடத்தில் ஒரு சட்டம் வருகிறது. வழக்காளிகள் கூட்டமாக வந்துவிட்டால் முந்தி வந்தவர் முற்படுத்தப்படுவார். யார் முந்தியவர் என்று தெரியாவிட்டாலோ, ஒன்றாக வந்துவிட்டாலோ, சீட்டுக் குலுக்க வேண்டும். புறப்படும் அவசரத்திலிருக்கும் பயணிகளையும் பெண்களையும், பிந்தி வந்திருப்பினும், அவர்கள் எண்ணிக்கையில் மிகாதவரை முற்படுத்தலாம். இவற்றுக்குப் பின்னர் வருவதுதான் நம் குழுத்தலைவர்கள் மனனம் செய்யவேண்டிய பகுதி: முந்தி வந்தவருக்கு அந்த முந்துரிமை ஒரேயொரு வழக்குக்கு மட்டுமே. இரண்டாவது வழக்கை அவர் கொண்டுவந்திருந்தால், மீண்டும் கடைசியில் போய் நிற்க வேண்டும். 1277-இல் மறைந்த ஓர் இமாம், பன்னிரண்டு பாஸ்போர்ட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு சாளரத்தின் முன் முதல் ஆளாக நிற்கும் நம் குழுத்தலைவரைக் கண்டுவிட்டு எழுதியது போலில்லையா? நூல் நம் அலமாரியிலேயே இருக்கிறது. அதை நீதிமன்றப் பாடமென்று ஓதிவிட்டு, கிதாபை மூடிவைத்துவிடுகிறோம்.

விட்டுக்கொடுப்பது பற்றியும் நுணுக்கமான ஒரு விதி உண்டு. இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களின் அல்-அஷ்பாஹ் வந்நளாயிர் என்ற நூலில் அது பேசப்படுகிறது. வணக்க வழிபாட்டில் தன் இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பது மக்ரூஹ், மற்றவற்றில் விரும்பத்தக்கது. அதாவது, முதல் ஸஃப்பை விட்டுக்கொடுக்காதே. பேருந்து இருக்கையை விட்டுக்கொடு. நாமோ தலைகீழாக நடக்கிறோம். ஹரமின் உள்ளே 'நீங்க நில்லுங்க பாய்' என்று முதல் ஸஃப்பைத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறோம். வெளியே வந்ததும் பேருந்தின் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை!

இதுவரை கூறியவை மனத்தாங்கலோடு முடிகின்ற செய்திகள். உயிரோடு முடிகின்றவையும் உண்டு. 1990 ஜூலை 2 அன்று, மினாவையொட்டிய முஐஸிம் சுரங்கப் பாதையில் நெரிசலில் சிக்கி 1,426 ஹாஜிகள் மாண்டனர். 2006 ஜனவரி 12 அன்று ஜமராத் பாலத்தின் வாயிலில் 346 பேர் இறந்தனர். மூட்டை முடிச்சுகள் காலில் தடுக்கியது ஒரு காரணமென்று கூறப்பட்டது. அதன்பின் பழைய பாலம் இடிக்கப்பட்டுப் பல அடுக்குகளாகக் கட்டப்பட்டது. பாலம் பெரிதானபின், 2015 செப்டம்பர் 24 அன்று மினாவின் தெருவொன்றில் இரு கூட்டங்கள் சந்தித்தன. ஸவூதி அரசு அறிவித்த இறப்பு 769. பல நாடுகளும் தத்தம் மக்களைக் கணக்கிட்டு அறிவித்த எண்ணிக்கையைக் கூட்டினால் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. இவ்விபத்துகளுக்கு இறந்தவர்கள்மீது பழிபோடுவது பெரும் அநீதி. பாதையமைப்பு, நிர்வாகம், வெயில், கூட்டத்தின் அடர்த்தி எல்லாம் அவற்றில் கலந்திருக்கின்றன. அடர்ந்த கூட்டத்தில் சிக்கிய தனிமனிதன் தான் நினைத்தாலும் நிற்க முடியாது என்பதும் உண்மை. ஆயினும், கல்லெறிய ஒவ்வொரு முகாமுக்கும் நேரம் குறித்துக் கொடுக்கப்படுகிறதே, அதை மீறி 'அஃப்ளலான வக்தில் எறிந்தே தீரவேண்டும்' என்று குழுவை இழுத்துச் செல்பவர் தனிமனிதரல்லர், வழிநடத்துபவர். அவருக்குத் தெரிவிப்பு உண்டு, மறுக்கும் உரிமையும் உண்டு. தஷ்ரீக்குடைய நாட்களின் கல்லெறிதலுக்கு நம் மத்ஹபில் எத்தனை விசாலமான நேரம் இருக்கிறதென்பதை அறியாதவரா அவர்? சிறப்பான நேரம் ஒரு நன்மை. கூட்டத்தில் ஒரு கிழவியின் விலா எலும்பை நெரிப்பது ஹராம்.

உமர் (ரலி) அவர்களை நோக்கி நாயகம் (ஸல்) அவர்கள், நீர் வலிமை மிக்கவர், ஹஜருல் அஸ்வதின் அருகே நெருக்கி பலவீனரைத் துன்புறுத்த வேண்டாம், வழி கிடைத்தால் தொடுவீர், இல்லையேல் அதை முன்னோக்கித் தக்பீர் கூறிச் செல்வீர் என்ற கருத்தில் அறிவுறுத்தியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. உடல்கனத்து மெல்ல நடப்பவர்களாகிய ஸவ்தா (ரலி) அன்னையார், மக்கள் நெரிசலுக்கு முன்னர் முஸ்தலிஃபாவை விட்டுப் புறப்பட அனுமதி கேட்டபோது அனுமதித்தார்கள். அரஃபாவிலிருந்து திரும்புகையில் பின்னால் ஒட்டகங்களை அதட்டி அடிக்கும் ஓசை கேட்டுத் திரும்பி, அமைதியைக் கடைப்பிடிக்குமாறும், விரைந்தோடுவதில் நன்மையில்லை என்றும் உணர்த்தினார்கள். ஆக, நெரிசல் என்பது விமானம் வந்தபின் தோன்றிய புதுப் பிரச்சினையன்று. பெருமானாரின் ஹஜ்ஜிலேயே அது முன்னறிந்து தடுக்கப்பட்டிருக்கிறது.

நம்மவர் ஏன் இவ்வாறு நடக்கின்றனர்? இயல்பிலேயே ஒழுங்கற்றவர்கள் என்று கூறுவோரோடு நாம் உடன்படவில்லை. நாம் வாழும் காட்டுப்பாக்கத்தையே சான்றாகத் தருகிறோம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. போரூர் ஏரியும் வற்றியது. இப்பக்கத்துத் தெருக்களில் லாரித் தண்ணீரே கதியாயிற்று. லாரி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. பெண்கள் அதிகாலையில் வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்களைத் தெருவோரம் வரிசையாக வைத்துவிட்டு வீட்டு வேலைக்குத் திரும்பினர். நீலக் குடத்துக்குப் பின் பச்சைக் குடம். அதன்பின் கைப்பிடி உடைந்த மஞ்சள் குடம். உடையவர் இல்லாதபோதும் ஒரு குடம் இடம் மாறாது. மாற்றினால் தெருவே கேட்கும். முஸ்லிம் வீட்டுக் குடமும் ஹிந்து வீட்டுக் குடமும் கிறிஸ்தவ வீட்டுக் குடமும் அவ்வரிசையில் இருந்தன. எந்தக் காவலரும் அங்கில்லை. அதே தெருவிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்றவர் அஸீஸிய்யாவில் லிஃப்டுக்குள் பாய்கிறாரென்றால், முறை தெரியாமலா பாய்கிறார்?

தெரியும். ஆனால், தெருவில் அவர் நாளையும் அந்த முகங்களில் விழிக்க வேண்டும். அங்கே, பக்கத்தில் நிற்பவர் பீஹாரோ வங்காளமோ, துருக்கியோ நைஜீரியாவோ, மறுபடி காணப்போவதில்லை. இது முதற் காரணம். இரண்டாவது, அச்சம். ரேஷன் கடையில் தன் முறை வரும்போது மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. கடைசியில் நிற்பவனுக்குக் கிடைக்காது என்பது அதன் அனுபவ ஞானம். லிஃப்ட் மறுபடி கீழே வரும் என்பதை அறிவு சொன்னாலும் கால் நம்புவதில்லை. மூன்றாவது, குழு. தனியாக நிற்கும்போது வெட்கப்படும் மனிதர், பதினைந்து பேருடன் நிற்கும்போது வெட்கத்தைப் பதினைந்தாகப் பங்கிட்டுக்கொள்கிறார். தமக்காக முந்தினால் சுயநலமென்று அறிந்தவர், தம் குழுவுக்காக முந்துவதை கித்மத் என்று எண்ணிக்கொள்கிறார்! இம்மூன்றிலும் இதுவே கொடியது. தீமை, சேவையின் உடையில் வருகிறதல்லவா?

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல் ஓடிய காலம் வேறென்று முதியோர் ஏங்குவதைக் கேட்டிருக்கிறோம். 1995-இல் அக்கப்பல் பயணம் நின்றது. பல நாட்கள் ஒரே தளத்தில் வாழ்ந்ததால் முகமறிமுகம் உண்டானது மெய்தான். குடத்து வரிசையின் நியாயம் அங்கே செயல்பட்டிருக்கும். ஆனால், அக்கப்பலிலும் நன்னீர்க் குழாயடியில் வாய்ச்சண்டைகள் நடந்ததை அதே முதியோர் சிரித்துக்கொண்டே சொல்வர். பொற்காலக் கதைகளில் நமக்கு அத்துணை நம்பிக்கை இல்லை. 2022-இல் சென்னையிலிருந்து ஹஜ் விமானம் இல்லாமல் தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று புறப்பட வேண்டியிருந்தது. 2023-இல் சென்னை மீண்டும் புறப்பாட்டுத் தலமாயிற்று. சந்தோஷந்தான். கூடவே, ஒரு ஹாஜிக்கு முப்பது பேராக வேன்களில் வந்து விமான நிலையத்தின் வாசலை அடைத்து வழியனுப்பும் வழக்கமும் மீண்டுவிட்டது. உள்ளே அவசரமாகச் செல்லவேண்டிய பிற பயணிகள், ஸலவாத்து முழங்கும் நம் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகின்றனர். அவர்களும் பயணிகளே, பயணிக்குரிய ஹக்கு அவர்களுக்கும் உண்டு.

'ஸஃபர்' என்ற சொல்லே மனிதரின் குணங்களை வெளிப்படுத்துவது என்ற பொருளிலிருந்து பிறந்ததாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் குறிப்பிடுகிறார்கள். ஹஜ்ஜில் வீண் தர்க்கம் கூடாதென்று பகரா அத்தியாயத்தின் 197-ஆம் வசனம் தடுக்கிறது. அத்தடையை நாம் வாய்ச்சண்டையோடு நிறுத்திக்கொள்கிறோம். தர்க்கம் எங்கே முளைக்கிறது? முறை மீறப்பட்ட இடத்தில். மீறியவர் மெளனமாக உள்ளே போய்விடுகிறார்; தட்டிக்கேட்டவரே தர்க்கம் செய்தவராகிறார். 'ஹஜ்ஜுக்கு வந்த இடத்தில் சண்டை போடாதீங்க பாய்' என்ற உபதேசமும் அவருக்கே கிடைக்கிறது. இந்த உபதேசத்தைப் போல மீறியவனுக்குத் துணைநிற்பது வேறில்லை. மனிதர்க்குச் செய்த அநீதி, உரியவர் மன்னிக்காதவரை ஹஜ்ஜாலும் நீங்காது என்பது அறிஞரில் பெரும்பாலோர் கருத்து. அந்த லிஃப்ட் வாசலில் நின்ற நைஜீரியரைத் தேடிப்பிடித்து ஊர் திரும்பியபின் யார் மன்னிப்புக் கேட்பது?

ஆண்டுதோறும் ஹஜ் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அட்டையில் கஅபாவின் உருவம் செய்து, சுற்றிக் காட்டுகின்றனர், நல்ல முறை. அதே வகுப்பில் ஒரு கதவையும் வரைந்து, அதை லிஃப்ட் என்று வைத்துக்கொண்டு, இறங்குவோர் இறங்கியபின் ஏறுவது, குழுவில் எத்தனை பேர் வந்திருக்கிறார்களோ அத்தனை பேர் மட்டும் ஏறுவது, மீதிப்பேர் வரிசையின் கடைசிக்குச் செல்வது என்று ஒரு மணி நேரம் பழக்கலாம். ஒரு பையை ஓர் இருக்கையில் வைத்துக் காட்டி, 'இது யாருடையது?' என்று கேட்கலாம். மூன்று பேர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டுமென்ற நபிமொழியை எல்லாக் குழுவினரும் அறிவர். அமீரின் வேலை, தம் குழுவுக்கு இடம் பிடிப்பதா, தம் குழுவினரை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவதா என்பதை அவ்வகுப்பிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அறையில் கழிப்பறைக்கு அருகிலுள்ள கட்டில் யாருக்கு, அடுப்பு முதலில் யாருக்கு என்பவற்றுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடட்டும். பயணத்தில் தம்முடன் வரும் துணைவியாரைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்தது நபிவழியன்றோ? மஹ்ரமின்றி வந்த பெண்கள் அக்கட்டடத்தில் இருப்பின், சீட்டுக்கு முன்னரே அவர்களைக் கேட்டுவிட வேண்டும். மின்ஹாஜின் சட்டப்படி, அவர்கள் மிகச் சிலரே.